வைட்பேண்ட் சென்சர் வாங்குகிறவர்கள் கவனம்: என் 74,500 ரூபாய் போய்விட்டது

நேற்று மாலை கல்லடியில் உள்ள கராஜில், சென்சரின் வயர்களை மூடியிருந்த கறுப்பு உறையை மெக்கானிக் பிளேடால் கிழித்தார். உள்ளே நான்கு வயர்கள். "தம்பி, இது வைட்பேண்ட் இல்லை, அதற்கு ஐந்து வயர்" என்றார். வைட்பேண்ட் என்றால் காற்று-பெற்றோல் கலவை எவ்வளவு என்று புகையிலிருந்து எண்ணாகவே அளந்து சொல்லும் சென்சர். 74,500 ரூபாய் கொடுத்து நான் வாங்கியது சாதாரண ஒட்சிசன் சென்சர்!

என்னுடையது டர்போ ஸ்டார்லட். பூஸ்ட்டை, அதாவது டர்போ எஞ்சினுக்குள் அழுத்தும் காற்றை, கூட்டியிருக்கிறேன். அதற்கேற்ப பெற்றோலைச் சரிசெய்யும் டியூனிங் செய்தே ஆக வேண்டும். சாதாரண சென்சர் கலவை 14.7க்கு (ஒரு பங்கு பெற்றோலுக்கு 14.7 பங்கு காற்று) மேலா கீழா என்று மட்டுமே சொல்லும். முழுப் பூஸ்ட்டில் 12க்குக் கிட்டிய கலவை வேண்டும். அங்கே பெற்றோல் குறைந்தால் பிஸ்டன் உருகிவிடும். இதை நம்பி டியூன் செய்திருந்தால் எஞ்சினும் போயிருக்கும்.

விற்றவர் கொழும்பிலிருந்து இணையவழியாக உதிரிப்பாகம் அனுப்புகிறவர். பொஷ் எல்எஸ்யு 4.9 சென்சர், கன்ட்ரோலர், மீட்டர் எல்லாம் சேர்த்து 74,500 என்றார். அசலா என்று மூன்று தடவை கேட்டேன். "தம்பி, என் காரிலும் இதுதான் கிடக்கிறது" என்று காணொளி அனுப்பினார். தாயின் ஊர் களுவாஞ்சிக்குடி என்றார். நம் பக்கத்துப் பிள்ளை ஏமாற்ற மாட்டார் என்று நினைத்தேன். அன்றே முழுப் பணத்தையும் வங்கியில் போட்டேன்.

நேற்று இரவு அவருக்கு அந்த நான்கு வயர்களின் படம் அனுப்பினேன். "பிழையாகப் பொருத்தியிருக்கிறீர்கள்" என்றார். இன்னும் பொருத்தவே இல்லை என்றேன். "ஐந்தாவது வயர் உள்ளே இணைந்திருக்கும்." எங்கே என்று கேட்டேன். "மின்சாரப் பொருளுக்குப் பணம் திருப்பித் தருவதில்லை." தம்பி என்றவர் ஒரே இரவில் 'நீங்கள்' என்று பேசத் தொடங்கிவிட்டார். இன்று காலை என் இலக்கத்தையே தடுத்துவிட்டார். ஆறு மாதம் ஓவர்டைம் செய்து சேர்த்த 74,500!

எப்படித் தெரிவு செய்வது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், மனம் ஓடவில்லை. அவசரமாகச் சொல்கிறேன்: 4.9 சென்சரில் ஐந்து வயர்கள், கனெக்டரில் ஆறு முனைகள் இருக்க வேண்டும். கனெக்டரை வெட்டி ஒட்டியிருந்தால் தொடாதீர்கள், அந்தச் சென்சருக்கென்றே அளந்து வைத்த ரெசிஸ்டர் (மின்தடை) அதற்குள்தான் இருக்கிறது. உறையை நீக்கி எண்ணிப் பார்க்காமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். பற்றுச்சீட்டு வாங்குங்கள். என்னிடம் வங்கிச் சீட்டு மட்டுமே இருக்கிறது, அதை வைத்துக்கொண்டு பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977க்கு அழைக்கப் போகிறேன்.

டியூனிங்குக்குக் குறித்திருந்த நாள் வரும் சனிக்கிழமை. கார் கராஜிலேயே நிற்கிறது.