எடுத்துவைத்துச் செலவா, செலவுபோக மிச்சமா?

பணம் சேர்ப்பவர்களில் இரண்டு கட்சி உண்டு. வருமானம் கைக்கு வந்த அன்றே ஒரு பங்கைத் தனியே ஒதுக்கிவிட்டு மீதியில் குடித்தனம் நடத்துபவர்கள் ஒன்று. செலவெல்லாம் போக மாதக் கடைசியில் மிஞ்சுவதைச் சேர்ப்பவர்கள் மற்றொன்று. நான் பல ஆண்டுகள் இரண்டாம் கட்சியில் இருந்தேன். அங்கே ஒரே ஒரு சங்கடம்தான்: எந்த மாதமும் எதுவும் மிஞ்சியதில்லை. பெரிதாக எதையும் வாங்கிவிடவும் இல்லை. கணக்கில் பணம் தெரிகிற வரைக்கும் கை நீண்டுகொண்டே இருந்தது, அவ்வளவுதான்.

இந்தப் பலவீனம் எனக்கு மட்டும் உரியதன்று. ரிச்சர்ட் தேலர், ஷ்லோமோ பெனார்ட்ஸி என்ற இரு பொருளியலாளர்கள் ஒரு நிறுவனத்தின் ஊழியர்களிடம் பரிசோதித்த திட்டத்தைப் பற்றி 2004-இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். இன்றைய சம்பளத்தில் கை வைக்க வேண்டாம். இனிமேல் வருகிற ஒவ்வொரு சம்பள உயர்விலும் ஒரு பகுதி தானாகவே சேமிப்புக்குப் போய்விடட்டும் என்பதுதான் திட்டம். சேர்ந்தவர்களின் சேமிப்பு 40 மாதங்களில் சம்பளத்தின் 3.5 சதவீதத்திலிருந்து 13.6 சதவீதமாக ஏறியது. கையில் வாங்கும் தொகை ஒருபோதும் குறையாததால் யாருக்கும் வலிக்கவில்லை.

ஆகவே முதல் கட்சிக்கே என் ஓட்டு. ஆனால் ஆரம்பத்திலேயே பெரிதாக ஒதுக்கிவிடக் கூடாது. கட்சி மாறிய உற்சாகத்தில் வருமானத்தில் பாதியை ஒதுக்கினேன். இரண்டாம் வாரமே அதிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று. ஒருமுறை எடுத்துப் பழகிவிட்டால் அது சேமிப்பாக இருக்காது, இன்னொரு பணப்பையாகிவிடும். இருபதில் ஒரு பங்கு போதும், தொடங்குவதற்கு. மாதச் சம்பளம் இல்லாதவர்கள் தேதியை மறந்துவிட்டு, பணம் வரும்போதெல்லாம் அதே விகிதத்தில் ஒதுக்கலாம்.

கடன் இருக்கிறதே, அதை அடைப்பதா, சேமிப்பதா என்று கேட்பவர்கள் வட்டியைப் பார்த்தால் போதும். மாதம் 3 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 36 என்று மனம் கணக்குப் போடும். கட்டாமல் விட்டால் வட்டிக்கு வட்டி ஏறி 42.6 சதவீதமாகிறது. 6 சதவீதம் தரும் சேமிப்பில் பணத்தை வைத்துக்கொண்டு இந்தக் கடனைத் தொங்கவிடுவது ஓட்டைக் குடத்தில் நீர் பிடிப்பதுதான். கடனே முதலில். ஆனால் திடீர்ச் செலவுக்கென்று சிறு தொகையாவது கையில் நிற்கட்டும். இல்லையென்றால் முதல் ரிப்பேருக்கே மறுபடியும் கடன் வாங்க நேரும்.

விளக்கா, வெந்நீரா?

வீட்டில் மின்சாரச் சண்டை பெரும்பாலும் விளக்கை வைத்துத்தான் நடக்கிறது. யார் அறையில் விளக்கு எரிகிறது, யார் அணைக்காமல் போனார்கள் என்று ஒரே விசாரணை. 60 வாட் குண்டு பல்பு இருந்த காலத்தில் அதில் அர்த்தம் இருந்தது. அதே வெளிச்சத்தை இப்போது ஏறக்குறைய 9 வாட் எல்இடி பல்பு கொடுத்துவிடுகிறது.

எதிர்த்தட்டில் குளிக்கும் வெந்நீரை வைத்துப் பாருங்கள். 15 லிட்டர் நீரை 25 டிகிரி செல்சியஸ் சூடேற்றக் குறைந்தது 0.44 யூனிட் மின்சாரம் வேண்டும். அந்த ஒரு வாளியின் மின்சாரத்தில் அந்த எல்இடி பல்பு ஏறத்தாழ 48 மணி நேரம் எரியும். சூட்டை 10 டிகிரி குறைத்துக்கொண்டால் ஒரு குளியலில் மிச்சமாவது 19 மணி நேர வெளிச்சம். இந்தக் கணக்கைப் போட்ட நாளிலிருந்து எங்கள் வீட்டில் விளக்கு விசாரணை நின்றுவிட்டது. விசாரணை அதிகாரி நான்தான். வெந்நீர்க் குற்றவாளியும் நானே.

பிளக்கைப் பிடுங்கி வைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஐரோப்பிய ஒன்றியம் 2013 முதல் பெரும்பாலான வீட்டுக் கருவிகள் சும்மா இருக்கும்போது இழுக்கும் மின்சாரத்துக்கு 0.5 வாட் என உச்சவரம்பு வைத்திருக்கிறது. அந்த அளவில் ஒரு கருவி ஆண்டு முழுவதும் இழுப்பது 4.4 யூனிட். பத்து வாளி வெந்நீர்! பழைய கருவிகள் இதைவிட அதிகம் இழுக்கலாம், அவற்றைப் பிடுங்குங்கள். மற்றதற்குத் தினமும் குனிந்து இடுப்பை வருத்திக்கொள்ள வேண்டாம்.

பெரிய பொட்டலமா, சின்னதா? எடைக்கு விலை பார்த்தால் அநேகமாகப் பெரியதே மலிவு. அந்தக் கணக்கை நம்பி ஒரு பெரிய டப்பா சலவைத்தூள் வாங்கினேன். சின்னப் பொட்டலம் வாங்கிய காலத்தில் ஓரத்தைக் கிள்ளி, தட்டித் தட்டி, கடைசித் துகள் வரை உதறிப் போடுவேன். டப்பா வந்ததும் கரண்டி கும்பாச்சியாக எழும்பியது. அடியில் கிடந்தது ஈரம் கோத்துக் கல்லாகிப்போனது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். எனக்கு டப்பாவில் இருப்பதையே அளக்கத் தெரியவில்லை. கெடாத பொருள், கை தாராளம் காட்ட முடியாத பொருள் என்றால் மட்டுமே இப்போது பெரியதை எடுக்கிறேன்.

கணக்கு நோட்டா, உறையா?

செலவை எழுதிவைப்பது நல்ல பழக்கம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். ஜப்பானில் பத்திரிகையாளர் மோட்டோகோ ஹானி 1904-இலேயே வீட்டுக் கணக்கேடு ஒன்றை வெளியிட்டார். அந்த ககெய்போ முறைக்கு இன்றும் ஆள் உண்டு. அதில் என்ன செலவழிக்கப்போகிறோம் என்பதை முதலில் எழுத வேண்டும். நான் எழுதியதோ செலவழித்த பிறகு. என் நோட்டில் மாதாமாதம் பெரிய தொகை நின்றது 'இதர' என்ற இடத்தில்தான்.

உறை முறை வேறு மாதிரி. மளிகைக்கு ஒன்று, பயணத்துக்கு ஒன்று என்று ரொக்கத்தைப் பிரித்துப் போட்டுவிடுவது. உறை காலியானால் அந்தச் செலவு அந்த மாதத்துக்கு முடிந்தது. நோட்டு நடந்ததைச் சொல்லும், உறை நடக்கவிடாது. அட்டைக்கு இந்தத் தடையே இல்லை. டிரேசன் பிரெலெக், டங்கன் சிமஸ்டர் இருவரும் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், விளையாட்டுப் போட்டி டிக்கெட்டை ஏலம் கேட்டவர்களில் கடன் அட்டையில் கட்டலாம் என்று சொல்லப்பட்டவர்கள், ரொக்கம் தர வேண்டியவர்களைவிட இரு மடங்கு வரை கேட்டார்கள். வீட்டில் ரொக்கம் வைக்கத் தயங்குபவர்கள், அன்றாடச் செலவுக்குத் தனிக் கணக்கு திறந்து அளவாகப் போட்டுக்கொள்ளலாம். உறையின் குணம் முக்கால்வாசி வந்துவிடும்.

என்னிடம் இப்போது ஐந்து உறைகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றின் மேல் 'இதர' என்றே எழுதியிருக்கிறேன். பெரும்பாலும் இருபதாம் தேதிக்குள் அதுதான் முதலில் காலியாகிறது.