இளவயதில் நெஞ்சுவலி, அவசர ஸ்டென்ட்: கையெழுத்துப் போடும் முன் இதைப் படியுங்கள்

என் தம்பிக்கு 34 வயது. மாடிப்படி ஏறினால் நெஞ்சு இறுக்குகிறது என்று கோவையில் ஒரு பெரிய தனியார் மருத்துவமனைக்குப் போனான். இசிஜி, எக்கோ, டிராப்போனின் (இதயத் தசை பாதிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை) எல்லாமே நார்மல். டிரெட்மில் டெஸ்ட் எடுக்கவில்லை. அப்பாவுக்கு அட்டாக் வந்திருக்கிறது, இவனுக்கு சிகரெட் பழக்கம் வேறு, அதனால் நேராக ஆஞ்சியோ (இதய ரத்தக் குழாயில் சாயம் செலுத்தி எக்ஸ்ரேயில் அடைப்பைப் பார்ப்பது) என்றார்கள். இன்சூரன்ஸ் எவ்வளவுக்கு இருக்கிறது என்று மட்டும் இரண்டு முறை கேட்டார்கள்.

தம்பி உள்ளே டேபிளில் படுத்திருக்கும்போதே எங்களைக் கூப்பிட்டு மானிட்டரைக் காட்டினார்கள். டாக்டர் பேனா முனையால் தொட்டு, "இங்க 80 சதவீதம் அடைப்பு, இங்க 70. இப்பவே ஸ்டென்ட் வைக்கலைன்னா எப்ப வேணாலும் அட்டாக் வரும், அஞ்சு நிமிஷத்துல சொல்லுங்க" என்றார். தம்பி மனைவி அழுதுகொண்டே கையெழுத்துப் போட்டாள். இரண்டு ஸ்டென்ட் (அடைத்த குழாயைத் திறந்து பிடிக்கும் சின்ன வலைக் குழாய்) வைத்தார்கள்.

பிறகு ஆஞ்சியோ வீடியோ பதிவான சிடி தட்டை வேறொரு மூத்த இதய மருத்துவரிடம் காட்டினோம். முதல் அடைப்புக்கு வைத்ததில் நியாயம் இருக்கலாம், இரண்டாவது ஒரு சின்னக் கிளைக் குழாய், தன் கண்ணுக்கு 50 சதவீதம்கூட இல்லை என்றார். சந்தேகமான அடைப்பை எஃப்எஃப்ஆர் வயர் (அடைப்பைத் தாண்டும்போது ரத்த அழுத்தம் எவ்வளவு குறைகிறது என்று காட்டும் மெல்லிய கம்பி) விட்டு அளந்து பார்க்கலாம், அளவு 0.80-க்கு மேல் இருந்தால் பொதுவாக ஸ்டென்ட் தேவைப்படாது. அந்தப் பேச்சையே யாரும் எடுக்கவில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். உண்மையான அட்டாக் என்றால் ஸ்டென்ட் உயிரைக் காக்கும், ஒரு நிமிடம்கூட யோசிக்காதீர்கள். ஆனால் எங்களுடையது அட்டாக் இல்லை. இப்படி அட்டாக் இல்லாமல் நிலைமை சீராக இருக்கும் நோயாளிகள் 5,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்த இஸ்கீமியா ஆய்வு 2020-இல் வெளிவந்தது. உடனே ஸ்டென்ட்டோ பைபாஸோ செய்தவர்களுக்கும், முதலில் மாத்திரையோடு இருந்தவர்களுக்கும் மரணத்திலும் அட்டாக்கிலும் பெரிய வித்தியாசம் இல்லை. வலி குறைவதில் ஸ்டென்ட்டுக்குப் பலன் உண்டு. அதை யோசித்து முடிவெடுக்க எங்களுக்கு நேரம் இருந்தது. இல்லை என்று பயமுறுத்தினார்கள்.

அடுத்து பில். 2017 பிப்ரவரியில் மத்திய அரசு மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு 29,600 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தது. அதற்கு முன் லட்சத்துக்கு மேல்கூட வாங்கினார்கள். வரம்பு அவ்வப்போது திருத்தப்படுகிறது. எங்கள் பில்லிலும் ஸ்டென்ட் விலை வரம்புக்குள்தான். ஆனால் பலூன், கைடு வயர், கதீட்டர், "கன்ஸ்யூமபிள்ஸ்" என்று ஒரே வரி, கேத் லேப் (ஆஞ்சியோ, ஸ்டென்ட் செய்யும் அறை) கட்டணம் எல்லாம் சேர்ந்து மூன்றரை லட்சத்தைத் தொட்டது. ஸ்டென்ட்டின் பிராண்ட், கம்பெனி, பேட்ச் எண் பில்லில் தனியாக இருக்க வேண்டும் என்பது அரசு உத்தரவு. எங்களுக்கு அது சண்டை போட்ட பிறகுதான் கிடைத்தது.

தம்பி இப்போது ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் சாப்பிடுகிறான். டாக்டரைக் கேட்காமல் நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறைந்துவிடும் ஆபத்து. பல் பிடுங்கக்கூட இதய மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான் போகிறான். டிஸ்சார்ஜ் அன்று இதை யாரும் உட்கார வைத்துச் சொல்லவில்லை, மாத்திரைச் சீட்டை மட்டும் நீட்டினார்கள்.

அட்டாக் இல்லை என்றால் ஆஞ்சியோவோடு நிறுத்தச் சொல்லி முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். சிடியை வாங்கி இன்னொரு டாக்டரிடம் காட்டுங்கள். மருத்துவ கவுன்சிலில் புகார் கொடுத்திருக்கிறோம், இன்னும் பதில் வரவில்லை.