16 வருஷம் மக்ரானா மார்பிள் தரையில்

திருச்சியில் வீடு கட்டும்போது, 2009-இல், ஹால், பூஜை அறை, சமையல் மேடை மூன்றுக்கும் மக்ரானா வெள்ளை மார்பிள் போட்டோம். தாஜ்மகாலுக்குப் போன அதே ராஜஸ்தான் கல் என்று கேட்டதும் அப்பா வேறு எதையும் பார்க்க விடவில்லை. "மார்பிள் போடலாமா?" என்று வருஷத்துக்கு நாலு பேராவது போன் செய்கிறார்கள், அதனால் ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன்.

ஹால் தரைக்கு முழு மார்க். சித்திரை வெயிலில் சாப்பிட்டுவிட்டுப் பாய்கூட இல்லாமல் படுத்தால் முதுகு குளிர்ந்துவிடும். அதைவிடப் பெரிய விஷயம், டைல்ஸ் மேல்பூச்சு தேய்ந்தால் அவ்வளவுதான், ஆனால் இது அடிவரை ஒரே கல். பத்தாவது வருஷம் மெஷின் வைத்து மறுபாலிஷ் போட்டோம். மூன்று நாள் வீடு முழுக்க வெள்ளைச் சேறு, சமையலும் இல்லை, ஆனால் தரை புதுசாகிவிட்டது. ஒரே ஒரு படுக்கையறையில் மட்டும் மிச்சக் கல்லை ஒயிட் சிமெண்டுக்குப் பதில் சாதா சிமெண்ட் வைத்துக் கொத்தனார் பதித்துவிட்டார். அங்கே இன்றும் கல்லுக்கு அடியில் சாம்பல் நிழல் தெரிகிறது, எந்தப் பாலிஷுக்கும் அது போகாது.

சமையல் மேடைதான் எங்கள் முட்டாள்தனம். மார்பிள் என்பது பூமிக்கடியில் சூட்டிலும் அழுத்தத்திலும் உருமாறிய சுண்ணாம்புக்கல், அமிலம் பட்டால் கரையும். புளி, எலுமிச்சை, மோர், தக்காளி இல்லாமல் நம் வீட்டில் சமையலே கிடையாதே! புளி கரைத்த கிண்ணத்தை வைத்து எடுத்த இடமெல்லாம் மங்கலான வட்டம். கறை என்று நினைத்து இரண்டு வருஷம் தேய்த்தோம். அது கறையே இல்லை, கல்லின் மேல்பரப்பை அமிலம் தின்ற இடம், துடைத்தால் எப்படிப் போகும்? பாத்ரூமுக்கு வாங்கிய ஆசிட்டை நானே ஒரு தடவை ஹாலின் ஓரத்தில் ஊற்றி, அது புஸ்ஸென்று நுரைத்ததைப் பார்த்த பிறகுதான் மண்டையில் ஏறியது.

நிஜக் கறை வேறு. மஞ்சள் கறை, ஜன்னல் வெயில் படும் இடத்தில், சில வாரங்களில் தானாகவே வெளுத்தது. எண்ணெய்க் கறைக்கு முல்தானி மட்டியைக் குழைத்துப் பூசி, பிளாஸ்டிக் தாளால் ஒரு நாள் மூடிவைத்து, பிறகு காயவிட்டுச் சுரண்டினேன், முக்கால்வாசி போனது. தாஜ்மகால் மஞ்சளடிக்கும்போது தொல்லியல் துறையும் அந்த மண்ணைத்தான் பூசுகிறது. கேஸ் சிலிண்டர் அடிவளையத்தின் துருக்கறை மட்டும் எதற்கும் மசியவில்லை, அதன்மேல் ஒரு மிதியடி போட்டு வைத்திருக்கிறோம்.

கீறலைப் பற்றி ஒரு வார்த்தை. கடினத்தை அளக்கும் மோஸ் அளவில் மார்பிள் 3, தெரு மணலில் இருக்கும் குவார்ட்ஸ் 7. அதனால் பெருக்காமல் மாப் போட்டால் உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பது மாதிரிதான். ஈரத்தில் வழுக்கும், வீட்டில் பெரியவர்கள் இருந்தால் யோசியுங்கள்.

அப்புறம், வீட்டு முகப்பில் மார்பிள் ஒட்டலாமா என்று மச்சான் கேட்டார். வேண்டாம் என்றேன். ஃபின்லாந்தின் ஹெல்சிங்கியில் ஆல்வார் ஆல்டோ என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்த ஃபின்லாண்டியா ஹால் என்ற கச்சேரி அரங்கின் வெளிச்சுவரில் இத்தாலியின் கராரா மார்பிள் பலகைகள் வளைந்துபோய், 1990-களின் கடைசியில் எல்லாவற்றையும் மாற்றினார்கள், புதிதாகப் போட்ட பலகைகளும் வளைந்தன. அங்கே மெல்லிய பலகை, பனி, வெயில் எல்லாம் சேர்ந்து செய்த வேலை. நம் ஊரில் பனி இல்லைதான், ஆனாலும் வெயிலும் மழையும் மாறி மாறி அடிக்கும் சுவரில் என் பணத்தைப் போடமாட்டேன்.

மேடைக்கு ஐந்தாவது வருஷமே கருப்பு கிரானைட் போட்டாயிற்று. கழற்றிய மார்பிள் பலகையை அம்மா கொல்லையில் செங்கல்மேல் வைத்துத் துணி துவைக்கிறார். சலவைக்கல் என்று பேர் வைத்தது இதற்குத்தான் என்கிறார்.