மழையில் சைக்கிள்: ரிஃப்ளெக்டிவ் (ஒளிப்பட்டை வைத்த) மழை ஜாக்கெட்டா, ரெயின்கோட்டும் வெஸ்ட்டுமா?

சென்னையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்களுக்கு வரும் குழப்பம் இது.

விலை: சாதாரண ரெயின்கோட், ஒளிப்பட்டை வெஸ்ட் இரண்டும் சேர்ந்தாலும் மலிவுதான். நல்ல ஜாக்கெட் அதைவிடப் பல மடங்கு.

வியர்வை: விஷயமே இங்கேதான். பிளாஸ்டிக் கோட்டுக்குள் மிதித்தால் மழை நனைக்காவிட்டாலும் வியர்வை நனைத்துவிடும். ஜாக்கெட்டில் அக்குள் ஜிப் இருந்தால் காற்று போகும். நம் ஊர்ப் புழுக்கத்துக்குத் துணியைப் பற்றிய விளம்பரத்தைவிட அந்த ஜிப்பை நம்பலாம்.

இரவு: பளிச் மஞ்சள் பகலுக்கு மட்டுமே. இருட்டில் ஹெட்லைட் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் பட்டைதான் காக்கும். முதுகுப்பை ஜாக்கெட்டின் பட்டையை மறைத்துவிடும். வெஸ்ட்டைப் பைக்கு மேலேயே போடலாம்.

தையல்: தையல் துளை வழியே தண்ணீர் நுழையும். உள்ளே அதன் மேல் டேப் ஒட்டாத ஜாக்கெட் வேண்டாம்.

பத்து நிமிடப் பயணத்துக்கு ரெயின்கோட்டும் வெஸ்ட்டும் போதும். தினமும் அரை மணிக்கு மேல் மிதிப்பவர்கள் ஜாக்கெட்டே வாங்குங்கள்.