புள்ளியியல் கோர்ஸுக்குப் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

அரை மாதச் சம்பளம் போய்விட்டது. 'பணத்தைத் திருப்பித் தர இயலாது' என்ற கடைசி மெயில் நேற்று இரவு வந்தது. இன்னொருவர் மாட்டிக்கொள்வதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

புள்ளியியலை அடிப்படையிலிருந்து சொல்லித் தரும் ஓர் இணையதளம். 'உங்கள் வேகத்தில் படிக்கலாம், சந்தேகம் கேட்டால் ஆசிரியரே பதில் தருவார்' என்பது விளம்பரம். விளம்பரத்தைப் பார்த்து நான் பணம் கட்டவில்லை. இலவசமாகக் காட்டிய முதல் பாடத்தைப் பார்த்துத்தான் கட்டினேன். பத்துப் பேர், ஒன்பது பேருக்கு வருமானம் 20, ஒருவருக்கு மட்டும் 220. சராசரி 40. ஆனால் 40 வாங்குகிறவர் அந்தப் பத்துப் பேரில் ஒருவர்கூட இல்லை. வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் இடைநிலை அளவான 20தான் நிலவரத்தைச் சொல்கிறது என்று பாடம் எடுத்த அம்மா பலகையில் எழுதி, நிறுத்தி, நாம் யோசிக்க நேரம் கொடுத்து விளக்கினார். கணக்கென்றாலே ஒதுங்கிப்போன எனக்கு, இவரிடம் படித்தால் பிடிபட்டுவிடும் என்று தோன்றியது. அன்றே கட்டினேன்.

அதற்கப்புறம் அவர் திரையில் வரவே இல்லை.

தந்திரத்தைக் கேளுங்கள். பாடங்கள் வாரத்துக்கு ஒன்றாகத்தான் திறக்கும் என்பது பணம் கட்டிய பிறகுதான் தெரிகிறது. ரீஃபண்ட் கேட்க 14 நாள் கெடு. மூன்று பாடம் வரை ஒப்பேற்றுகிறார்கள். நான்காவது பாடம் திறக்கும்போது கெடு முடிந்திருக்கும். அங்கிருந்து ஒரு இயந்திரக் குரல் ஸ்லைடை வாசிக்கிறது, அவ்வளவுதான் பாடம்.

அதிலாவது பிழையில்லாமல் இருக்கிறதா? மாதிரியின் (மொத்தத்திலிருந்து எடுத்த சில எண்களின்) திட்டவிலக்கம், அதாவது எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு காண, எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து வகுக்க வேண்டும் என்று ஸ்லைடே சொல்கிறது. தேர்வில் கொடுத்த மாதிரி 2, 4, 4, 4, 5, 5, 7, 9. சராசரி 5, அதிலிருந்து ஒவ்வொரு எண்ணும் விலகும் அளவின் வர்க்கங்களைக் கூட்டினால் 32. அதை 7ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 2.14. தவறாம்! 8ஆல் வகுத்து வருகிற 2ஐப் போட்டால்தான் சரியாம். இலவசமாகக் கிடைக்கும் 'ஆர்' (R) என்ற புள்ளியியல் மென்பொருளில் போட்டுப் பார்த்தேன், அதுவும் 2.14 என்றே சொன்னது. தேர்வில் தேறாவிட்டால் அடுத்த பாடம் திறக்காது. ஆக, தப்பை எழுதினால்தான் மேலே போக முடியும்.

அதைவிட மோசம் பி-மதிப்புப் பாடம். 'பி-மதிப்பு 0.03 என்றால் இன்மைக் கருதுகோள் (வேறுபாடே இல்லை என்ற அனுமானம்) தவறாக இருக்க 97 சதவீத வாய்ப்பு' என்று கூசாமல் சொல்கிறார்கள். கருதுகோள் உண்மையா என்பதன் நிகழ்தகவை பி-மதிப்பு அளப்பதில்லை என்று அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2016இல் அறிக்கையே வெளியிட்டிருக்கிறது. வேறுபாடே இல்லை என்று வைத்துக்கொண்டால், இவ்வளவோ இதைவிட அதிகமோ வேறுபாடு தென்பட எவ்வளவு வாய்ப்பு என்பதுதான் பி-மதிப்பு. இந்தப் பாடத்தை நம்பி ஒருவர் மருந்துச் சோதனை முடிவை வாசித்தால் என்ன ஆகும்? இதைச் சொல்லித் தரத்தான் என்னிடம் அரை மாதச் சம்பளம் வாங்கினார்கள்.

புகார் கொடுத்தேன். முதலில் 'உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்' என்று தானியங்கிப் பதில். கணக்கைப் படிப்படியாக எழுதி அனுப்பினால், 'பிரவுசர் கேஷை அழித்துவிட்டு மீண்டும் முயலுங்கள்' என்கிறார்கள். கேஷை அழித்தால் 8 என்பது 7 ஆகிவிடுமா? பிறகு 'உள்ளடக்கக் குழுவுக்கு அனுப்பியிருக்கிறோம்'. பிறகு, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், புகார் 'தீர்க்கப்பட்டது' என்று மூடப்பட்டிருந்தது. மறுபடி திறந்து பணத்தைக் கேட்டேன். கெடு முடிந்துவிட்டதாம். அதே மெயிலில், உயர்நிலைக் கோர்ஸில் சேர்ந்தால் தள்ளுபடி தருவார்களாம்!

அந்தத் தளத்தில் போட்டிருக்கும் 4.9 நட்சத்திர மதிப்பீடு எப்படி வந்தது என்றும் இப்போது புரிகிறது. மதிப்பீடு கேட்கும் பெட்டி முதல் பாடம் முடிந்த உடனே வருகிறது. பாதியில் விட்டுப்போனவர்களை யாரும் கேட்பதில்லை. ஒருசார்பான மாதிரி கூடாது என்று பாடம் எடுக்கிறவர்களே இதைச் செய்கிறார்கள்.

சேரும் முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். இலவசப் பாடத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள், நடுவிலிருந்து ஒரு பாடத்தைக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் விட்டுவிடுங்கள். எல்லாப் பாடமும் முதல் நாளே திறக்குமா என்று எழுத்தில் கேளுங்கள். ரீஃபண்ட் விதியை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். எனக்குக் காட்டிய பக்கத்தை இப்போது மாற்றிவிட்டார்கள். கார்டில் கட்டியிருந்தால் வங்கியில் முறையிடுங்கள், அதற்கும் கெடு உண்டு, தள்ளிப்போடாதீர்கள். என் அரை மாதச் சம்பளத்துக்கான படிவத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறேன். இதே தளத்தில் மாட்டியவர்கள் இருந்தால் உங்கள் மெயில்களை அழிக்காமல் வைத்திருங்கள், சேர்ந்தே கேட்போம்.