பழைய சிடியைக் கேட்டு வாங்கிய ஸ்கேன் நிலையம்

32 ஆண்டுகள் நில அளவைத் துறையில் சங்கிலி பிடித்தவன் நான். யாராவது அளவைத் தப்பாகச் சொன்னால் தூக்கம் வராது. என் வயிற்றுக்குள் இருப்பதையே தப்பாகச் சொன்னால் கேட்க வேண்டுமா?

வயிற்றுப் பெருந்தமனியில், அதாவது இதயத்திலிருந்து வயிறு வழியே இறங்கும் பெரிய ரத்தக்குழாயில், 58 மி.மீ. வீக்கம். சென்ற ஆண்டு தொடை இடுக்கு வழியாகத் துணியுறை போட்ட ஸ்டென்ட் வைத்தார்கள். வீங்கிய பை உள்ளேயேதான் இருக்கும். ரத்தம் மட்டும் புதுக் குழாயில் ஓடும். பைக்குள் கசிகிறதா, பை பெருக்கிறதா என்று ஆயுள் முழுக்கப் பார்த்துவர வேண்டும். ஓராண்டு ஸ்கேனைக் கடலூரில் ஓரிடத்தில் எடுத்தேன். "63 மி.மீ., கசிவு உள்ளது" என்று இரண்டே வரி. 5 மி.மீ. கூடினால் சும்மா விடக்கூடாது என்று அறுவை மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். மகள் அன்றிரவு சாப்பிடவில்லை.

மறுநாளே பஸ் ஏறிப் புதுச்சேரியில் உள்ள இந்த நிலையத்துக்கு வந்தோம். "பழைய ஸ்கேன் படங்கள் பதிந்த சிடி தட்டு இருக்கிறதா ஐயா?" என்பதுதான் முதல் கேள்வி. பழையது, கடலூரில் எடுத்தது என இரண்டு சிடிகளையும் பார்த்த ரேடியாலஜிஸ்ட் (ஸ்கேன் படம் பார்த்துச் சொல்லும் மருத்துவர்) அம்மா, புதிதாக எடுக்கத் தேவையில்லை என்றார். வீணாக இன்னொரு முறை சாய மருந்து ஏற்றிச் சிறுநீரகத்துக்கு வேலை வைக்க வேண்டாமாம். வருகிற பணத்தை வேண்டாம் என்று சொன்ன இடம்!

என்னைத் திரைமுன் உட்காரவைத்தே காட்டினார். தமனி வளைந்து போகிற இடத்தில் படம் சாய்வாக வெட்டியிருக்கிறது. வாழைக்காயைச் சாய்த்து நறுக்கினால் வில்லை நீளுமே, அந்த நீளத்தை அளந்துவிட்டார்கள். சரிவில் சங்கிலியைத் தரையோடு போட்டால் தூரம் கூடுதலாகக் காட்டும் என்பது எங்கள் துறையில் முதல் பாடம். தமனியின் போக்குக்கு நேர்குறுக்காக இரண்டு படங்களையும் ஒரே இடத்தில் அளந்தார்: அன்று 58, இன்று 57.

கசிவு என்று எழுதிய வெள்ளைப் புள்ளி, சாயம் ஏற்றுவதற்கு முந்தைய படத்திலும் அதே இடத்தில் இருந்தது. சுண்ணாம்புப் படிவு. ஆனால் தாமதமாக எடுத்த கடைசி வரிசையில், பையின் பின்புறம் புகைபோல ஒரு மெல்லிய வெண்மை. இடுப்புப் பக்கத்துச் சிறு தமனியிலிருந்து ரத்தம் பின்னோக்கி வருகிறதாம். இரண்டாம் வகைக் கசிவு. ஸ்டென்ட்டின் முனையிலோ இணைப்பிலோ கசிந்தால் உடனே சரிசெய்ய வேண்டும். இதைப் பை பெருக்காதவரை கண்காணித்தால் போதும். அறுவை மருத்துவரும் அதையே சொல்லி, ஆறு மாதம் கழித்து டாப்ளர் (ரத்த ஓட்டத்தைக் காட்டும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்) பார்க்கச் சொல்லியிருக்கிறார்.

குறை இல்லாமல் இல்லை. 10 மணிக்கு வரச்சொல்லி 1 மணிக்குக் கூப்பிட்டார்கள். தமிழில் அவ்வளவு அழகாகச் சொன்னவர் ரிப்போர்ட்டை முழுக்க ஆங்கிலத்தில்தான் கொடுத்தார். வண்டி நிறுத்த இடமே இல்லை, பஸ்ஸில் போங்கள். சிடி உறையில் தேதியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்; என்னுடையதில் எழுதாததால் எது முந்தியது என்று தேடவே கால் மணி நேரம் போயிற்று.