சிறுவாணித் தண்ணீரா, போர் தண்ணீரா? அமெரிக்க சிக்லிட் வாங்கும் முன் ஓர் அலசல்

என் சித்தி மகன் கோவை வடவள்ளியில் இருக்கிறான். நான் பல்லடத்துக்குத் தெற்கே. அவன் வீட்டுக் குழாயில் சிறுவாணித் தண்ணீர். தண்ணீரில் கரைந்த உப்புகளை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை விட்டால் இரண்டு இலக்கத்தைத் தாண்டாது. என் வீட்டு போர் தண்ணீரில் அதே மீட்டர் 1400 காட்டுகிறது. சோப்பு நுரைக்காது, ஹீட்டர் கம்பியில் வெள்ளை படியும். இரண்டு பேரும் ஒரே மாதத்தில் மூன்றடித் தொட்டி வாங்கினோம், ஒரே மீன்களை விட்டோம். அவன் வீட்டில் நன்றாக இருந்தவை என் வீட்டில் வாடின. என் வீட்டில் குட்டி போட்டுக் குவித்த மாலி அவன் வீட்டில் துடுப்பை மடக்கிக்கொண்டு மூலையில் நின்றது.

மீனைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் பார்க்க மறப்பது இதைத்தான். கடையில் நிறத்தைப் பார்க்கிறோம், விலையைப் பார்க்கிறோம், வீட்டுக் குழாயைப் பார்ப்பதில்லை.

சிக்லிட் என்ற மீன் குடும்பம் நமக்குப் புதிதல்ல. ஆழியாறு பக்கம் வறுத்துத் தருகிற ஜிலேபி மீனும் சிக்லிட்தான். ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது, 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. குளத்தில் குழி தோண்டி முட்டையிட்டு, குஞ்சுகளை வாயில் வைத்துக் காக்கும் அந்த மீனின் புத்திசாலித்தனமும் முரட்டுத்தனமும் இந்தக் குடும்பம் முழுக்க உண்டு. அமெரிக்கக் கண்டங்களில் மட்டும் 500 இனங்களுக்கு மேல் இருக்கின்றன. அவற்றில் நம் ஊர்க் கடைகளுக்கு வருவது பத்துப் பன்னிரண்டு. பெரும்பாலும் சென்னைக் கொளத்தூர்ப் பக்கம் வளர்த்து, ஆக்சிஜன் அடைத்த பாக்கெட்டில் வருபவை.

இந்தப் பத்துப் பன்னிரண்டையும் முதலில் இரண்டு கூடையில் பிரித்துவிடலாம். அமேசான் பக்கத்து மீன்கள் மழைநீரும் மக்கிய இலையும் கலந்த மென்மையான, லேசான அமிலத் தண்ணீரில் வளர்ந்தவை. மெக்சிகோ, குவாத்தமாலா போன்ற மத்திய அமெரிக்க மீன்களில் பல சுண்ணாம்புப் பாறைத் தண்ணீரில் வளர்ந்தவை. மெக்சிகோவின் யுகட்டான் பகுதி முழுக்கவே சுண்ணாம்புப் பாறைதான். வடவள்ளி அமேசானுக்குக் கொஞ்சம் நெருக்கம், பல்லடம் யுகட்டானுக்கு நெருக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மிகைதான், ஆனால் மீன் வாங்க இந்தக் கணக்கு போதும்.

ஒரு எச்சரிக்கை. டிடிஎஸ் அதிகம் என்றால் சுண்ணாம்பு அதிகம் என்று மட்டும் பொருளல்ல. வெறும் உப்பாகவும் இருக்கலாம். கடினத்தன்மையைத் தனியாகச் சோதிக்கும் சொட்டு மருந்து கிட் கிடைக்கிறது, ஒரு தடவை சோதித்துவிடுங்கள். நொய்யல் கரையில் சாயக்கழிவு இறங்கிய பகுதியில் கிணறோ போரோ இருந்தால் அந்தத் தண்ணீரை மீனுக்கு நினைக்கவே வேண்டாம்.

ஏஞ்சலும் டிஸ்கஸும்

சிறுவாணியோ பில்லூரோ வருகிற வீடுகளில் முதல் ஆசை டிஸ்கஸ். தட்டுப்போல் வட்டமாக, சிவப்பும் நீலமும் கோடு போட்டு, பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. தாயும் தகப்பனும் தங்கள் உடம்பில் சுரக்கும் வழுவழுப்பைக் குஞ்சுகளுக்கு உணவாகத் தருவதைப் பார்ப்பதற்கென்றே வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் இதற்கு 28 முதல் 30 டிகிரி வெப்பம் வருடம் முழுக்க வேண்டும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கிற கோவையில் மார்கழி இரவில் ஹீட்டர் இல்லாத தொட்டி 23 டிகிரிக்கு இறங்கிவிடும். லிட்டருக்கு ஒரு வாட் என்ற கணக்கில் 250 லிட்டர் தொட்டிக்கு 250 வாட் ஹீட்டர். கூட்டமாக ஐந்தாறாவது வேண்டும், வாரத்தில் பல தடவை தண்ணீர் மாற்ற வேண்டும்.

அங்கேதான் சிக்கல். சிறுவாணித் தண்ணீர் தினமும் வருவதில்லை; வருகிற அன்று சம்ப்பில் பிடித்து வைத்துக்கொண்டு வாரத்தை ஓட்டுகிற வீடுதான் அதிகம். சித்தி மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்கு குடம் நல்ல தண்ணீரைத் தொட்டிக்கு எடுத்துப் போனபோது அம்முச்சி (எங்கள் பாட்டி) திண்ணையிலிருந்தே கேட்டார்: "ஏங்கண்ணு, குடிக்கற தண்ணிய மீனுக்கு ஊத்தறயே, நாளைக்கு நாங்க என்னத்தக் குடிக்கறது?" நியாயமான கேள்வி. டிஸ்கஸ் வளர்க்கத் தோதான தண்ணீர் வருகிற வீட்டில், டிஸ்கஸுக்குப் போதுமான அளவு வருவதில்லை.

ஏஞ்சல் அந்த அளவு பிடிவாதம் பிடிக்காது. வாரம் ஒரு முறை கால்பங்கு தண்ணீர் மாற்றினால் போதும். தலைமுறை தலைமுறையாகத் தொட்டியிலேயே பிறந்து வளர்ந்ததால் நடுத்தரமான கடினத் தண்ணீரையும் தாங்கும். முட்டை பொரிப்பதில்தான் தடுமாறும். ஏஞ்சலுக்குத் தொட்டியின் உயரம் முக்கியம். மேல் துடுப்பிலிருந்து கீழ்த் துடுப்பு வரை ஒரு சாண் வளரும் மீனை ஒரு அடி உயரத் தொட்டியில் விட்டால் துடுப்பு வளைந்துவிடும். ஒன்றரை அடி உயரமாவது வேண்டும். சின்னதாக ஆறு வாங்குங்கள், ஒரு ஜோடி தானாகச் சேரும். சேர்ந்தபின் அந்த ஜோடி தொட்டியில் பாதியைப் பட்டா போட்டுக்கொள்ளும், மற்றவற்றை வேறிடம் மாற்ற வேண்டிவரும். நியான் டெட்ரா என்ற பொடி மீனை அதனுடன் விடாதீர்கள்: ஏஞ்சல் சின்னதாக இருக்கும்வரை நண்பன், பெரிதானதும் தீனி. டைகர் பார்ப் இருந்தால் கதை தலைகீழ், ஏஞ்சலின் நீளத் துடுப்பைக் கடித்துக் குதறிவிடும்.

அழகுக்காக நம் காட்டில் பொறுக்கிய சுக்காங்கல்லை (சுண்ணாம்புக் கல்) போட்டு சித்தி மகன் நல்ல தண்ணீரையும் கடினமாக்கிக்கொண்டான். கல் மேல் கொஞ்சம் வினிகர் விட்டுப் பாருங்கள், நுரைத்தால் அது தொட்டிக்குள் போகக் கூடாது. போர் தண்ணீர்த் தொட்டிக்கு என்றால் பாதகமில்லை.

ராம் என்ற இரண்டங்குல மீனும் இந்தக் கூடைதான். வெதுவெதுப்பான மென்தண்ணீர் வேண்டும், ஆயுள் குறைவு. புதுத் தொட்டிக்கு வேண்டாம். எலக்ட்ரிக் புளூ அகாரா அரையடி வளரும், சாது, கொஞ்சம் கடினத் தண்ணீரையும் ஏற்கும். ஏஞ்சல் அலுத்தவர்களுக்கு என் முதல் சிபாரிசு அதுதான்.

போர் தண்ணீர்க்காரர்களுக்கு

என்னைப் போன்றவர்களுக்கு ஒரு வசதி உண்டு. எவ்வளவு வேண்டுமானாலும் மாற்றலாம், யாரும் கேட்க மாட்டார்கள். தொட்டியிலிருந்து எடுக்கிற தண்ணீர் தென்னைக்குப் போகிறது. மீன் கழிவில் இருக்கிற நைட்ரஜன் அதற்கு உரம்.

இந்தக் கூடையில் மூன்று பேர்: கான்விக்ட், ஃபயர்மவுத், ஜாக் டெம்ப்ஸி.

கான்விக்ட்டைக் கொல்வது கஷ்டம். நான்கு அங்குலம் வளரும், கைதி உடைபோலக் கறுப்பு வெள்ளைக் கோடு, எந்தத் தண்ணீரிலும் முட்டையிடும். அதுதான் அதன் குறையும். ஒரு ஜோடி சேர்ந்தால் சில வாரங்களுக்கு ஒரு தடவை நூற்றுக்கணக்கில் குஞ்சு. முதல் ஈடு குஞ்சுகளைப் பார்த்து வீடே மகிழும், மூன்றாவது ஈட்டில் சொந்தக்காரர்களுக்கு போன் போட்டுக் கெஞ்ச வேண்டியிருக்கும். குஞ்சைக் காக்கும்போது இரண்டடித் தொட்டியில் வேறு எந்த மீனும் நிம்மதியாக இருக்க முடியாது. எடுத்துப்போய்க் குளத்தில் விடலாம் என்ற யோசனை மட்டும் வேண்டாம். தொட்டி துடைக்க வாங்கிய அமெரிக்க சக்கர் மீன் தமிழ்நாட்டு ஏரிகளில் பெருகி வலையைக் கிழிப்பது போதும்.

ஜாக் டெம்ப்ஸிக்குப் பெயர் வந்தது 1919 முதல் 1926 வரை ஹெவிவெயிட் சாம்பியனாக இருந்த குத்துச்சண்டை வீரரால். முகமும் முரட்டுத்தனமும் அப்படி. உண்மையில் பாதி நேரம் கல்லுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். எட்டு முதல் பத்து அங்குலம் வளரும் என்பதால் நான்கடிக்குக் கீழ் யோசிக்கக் கூடாது. வளர்ந்தபின் உடம்பில் நீலப் பொட்டுகள் மின்னுவது அழகுதான், ஆனால் அதைப் பார்க்க வருடக்கணக்கில் காத்திருக்கும் பொறுமை எனக்கு இல்லை.

ஃபயர்மவுத் என் தேர்வு. ஐந்தாறு அங்குலம். கோபம் வந்தால் செவுள் மூடியை விரித்துத் தொண்டைச் சிவப்பைக் காட்டி மிரட்டும். பெரும்பாலும் அந்த மிரட்டலோடு சரி, கடிப்பது குறைவு. யுகட்டான் பக்கத்து மீன் என்பதால் என் போர் தண்ணீரில் நிறம் இன்னும் ஏறியது. மண்ணை வாயால் அள்ளிச் செவுள் வழியே சலித்து இரை தேடும், அதைப் பார்க்கவே உட்கார்ந்துவிடுவேன். இதற்காகத் தரையில் மெல்லிய மணல் வேண்டும். எம்-சாண்ட் வேண்டாம், அது உடைத்த கல், முனை கூர்மையாக இருக்கும். வீடு கட்டியபோது மிஞ்சிய ஆற்று மணலைச் சலித்து, தெளியும்வரை கழுவிப் போட்டேன். பக்கத்துக் குடோனில் தறி ஓடுகிற சத்தத்துக்கு முதல் வாரம் மிரண்டன, அப்புறம் பழகிவிட்டன. எல்லாக் கடையிலும் இது இருப்பதில்லை, சொல்லிவைத்து வாங்க வேண்டும்.

பெரிய மீன் ஆசை

என் முதல் தொட்டி இரண்டடி. அதில் மூன்று ஆஸ்கர் குஞ்சுகளைப் போட்டுக்கொடுத்த கடைக்காரர், "தொட்டிக்கேத்த மாதிரிதாங்க வளரும்" என்றார். நம்பினேன். வளர்ச்சி நிற்கவில்லை. எட்டு மாதத்தில் வளர்ந்த மீன்களின் துடுப்புகள் கண்ணாடியில் இடித்தன, தண்ணீர் நாறியது, ஒன்றின் தலையில் குழி விழுந்தது. ஆஸ்கர் ஒரு அடி வரை வளரும், பத்து வருடத்துக்கு மேல் வாழும். இரண்டு ஆஸ்கருக்கு இரண்டடித் தொட்டி அல்ல, ஆறடித் தொட்டி வேண்டும். ஒன்றுக்குக் குறைந்தது 4 × 1½ × 1½ அடி: ஒன்பது கன அடி, ஏறத்தாழ 255 லிட்டர். தண்ணீரே கால் டன், கண்ணாடியும் இரும்பு ஸ்டாண்டும் தனி. மாடி வீட்டில் வைப்பதானால் சுவர் ஓரமாக, பீம் போகிற இடம் பார்த்து வையுங்கள்.

இவ்வளவு சொன்னாலும் ஆஸ்கருக்கு ஈடு ஆஸ்கர்தான். நம் முகத்தை அடையாளம் கண்டுகொள்ளும், மற்றவர் வந்தால் முறைக்கும், கல்லை இடம் மாற்றித் தன் இஷ்டத்துக்கு அறையை அமைத்துக்கொள்ளும். அமேசான் மீனாக இருந்தும் கடினத் தண்ணீரைத் தாங்கும். மண்புழு, இறால், நல்ல பெல்லட் போதும். கோல்டு ஃபிஷ் குட்டிகளைத் தீனியாகப் போடாதீர்கள். நோயும் வரும், வைட்டமின் பி1 குறைபாடும் வரும்.

ஃப்ளவர்ஹார்ன் இன்னொரு ரகம். 1990களில் மலேசியாவில் மத்திய அமெரிக்க சிக்லிட்களைக் கலந்து உருவாக்கியது, எந்த ஆற்றிலும் பிறந்த மீன் அல்ல. நெற்றி மேடு பெரிதாக இருந்தால் வாஸ்துவுக்கு நல்லது என்று கடையில் விலை ஏற்றுவார்கள். எனக்கு அந்த வாஸ்துவில் நம்பிக்கை இல்லை. போர் தண்ணீரில் திடமாக வாழும், ஆனால் தனியாகத்தான் இருக்கும். கூட விட்ட எதையும் கொன்றுவிடும். ஒரு தொட்டிக்கு ஒரு மீன் போதும் என்பவர்களுக்குச் சரி. தொட்டி நிறைய மீன் நீந்த வேண்டும் என்பவர்கள் நான்கடியில் கோல்டு செவரம் விடலாம்: எட்டு அங்குலம், சாது, பட்டாணியை உரித்துப் போட்டாலும் தின்னும். செடி வைத்தால் அதையும் தின்னும்.

எதை வாங்கினாலும் அன்றைக்கே விட முடியாது. மீன் கழிவில் வரும் அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியா வடிகட்டியில் வேர்பிடிக்க நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். போர் தண்ணீர்க்காரர்கள் இதில் கூடுதல் கவனம் வைக்க வேண்டும். பிஎச் (அமில-காரத் தன்மையைக் காட்டும் எண்) ஒரு புள்ளி ஏறினால், அதாவது 7 இருந்த இடத்தில் 8 ஆனால், அதே அளவு அம்மோனியாவில் நஞ்சான பங்கு ஏறத்தாழ பத்து மடங்கு கூடும். மாநகராட்சித் தண்ணீர் என்றால் குளோரின் போக ஆன்டி-குளோரின் சொட்டு விட வேண்டும். மாதாந்திர பராமரிப்புக்காகப் பகல் முழுக்க மின்சாரம் நிறுத்துகிற நாளில் பேட்டரி ஏர் பம்ப் கையிலிருக்கட்டும். சித்திரையில் மொட்டை மாடித் தொட்டித் தண்ணீர் மதியம் கொதிக்கும், அதை நேராக ஊற்றாமல் காலையிலேயே பிடித்து வைத்து ஊற்றுங்கள்.

மீன்களை விடுகிற வரிசையும் உண்டு. கூட்டாளிகள் முதலில், சிக்லிட் கடைசியில். என் மூன்றடித் தொட்டியில் எட்டு வாள்வால் (ஸ்வார்ட்டெயில்) மீன்களை விட்டு, இரண்டு வாரம் அவை இடம் பழகியபின்தான் ஃபயர்மவுத் ஜோடியை விட்டேன். முதலில் விட்டிருந்தால் தொட்டி முழுக்கத் தன்னுடையது என்று அந்த ஜோடி முடிவு கட்டியிருக்கும். இப்போது இடது மூலையில் கவிழ்த்து வைத்த உடைந்த மண்சட்டி மட்டும்தான் அவற்றின் எல்லை.